இரண்டாவது மிதி

முதல் மிதியில் பிறேக் பிடிக்காது,
இரண்டாவதில் பிடிக்கும்.
யூஜினண்ணன் இதைச் சொல்லித்தான் சாவியைத் தந்தார்.
"பழகினா கால் தன்ரபாட்டில ரெண்டுதரம் போகும்."
அவருக்குப் பழகியிருந்தது.
எனக்கு லைசன்ஸ் வந்து பத்தொன்பது நாள்.

அன்றைக்கு முல்லைத்தீவில் படகுகள் பிந்தின.
பாரை, அறக்குளா, இரண்டு பெட்டி திருக்கை,
மேலே நொறுக்கிய ஐஸ், அதற்கும் மேலே படங்கு.
நாலு மணிக்குப் பேலியகொடையில் ஏலம்.
நாலரைக்கு வருகிற மீனுக்கு விலை இல்லை,
கெஞ்சல்தான் உண்டு என்றார் மரியசீலன் முதலாளி.
குரலில் கோபமில்லை.
லொறிக்கு இன்னும் இருபத்தாறு தவணை கிடக்கு
என்பதையும் அதே குரலில் சொன்னார்.

முள்ளியவளை தாண்ட
ஐஸ் உருகுவது கேட்கத் தொடங்கியது.
எஞ்சின் இரைச்சலில் அது கேட்காது, தெரியும்.
ஆனாலும் கேட்டது.

ஒட்டுசுட்டானுக்கு அங்கால்
தார் பகலின் சூட்டைக் கொஞ்சம் பதுக்கி வைத்திருக்கும்.
மாடுகள் அதில்தான் படுக்கும்.
வெளிச்சம் போய் விழ
முதலில் கண்கள்,
பிறகு கொம்பு,
கடைசியாகத்தான் மாடு.

மிதித்தேன்.
உழுத வயலில் வைத்த கால்போல
அடிவரை போனது.
திரும்ப மிதித்தேன்.
லொறி முனக, பெட்டிகள் முன்னே சறுக்க,
நின்றது.
நாம்பன் ஒன்று என்னைப் பார்த்தது.
அசைபோடுவதை அது நிறுத்தவில்லை.

இரண்டு மிதிக்கும் நடுவில் எத்தனை முழம் ஓடினோம்?
அந்த முழங்களுக்குள்
விளக்கில்லாத சைக்கிளில் வயற்காவலுக்குப் போகிறவர் இல்லை.
ரியூசன் முடிந்து தமையனின் பின்னால் இருந்து வரும் பிள்ளை இல்லை.
இன்றைக்கு இல்லை.

இறங்கினேன். கிளீனர் அனிஸ்ரன் டோர்ச் பிடித்தான்.
"தாரை விட்டு இறங்காதேங்கோ" என்றான்.
காட்டை அவன் வீட்டில் இன்னும் நம்புவதில்லை.
லொறியின் கீழே எல்லாமே சொட்டியது.
மீன்லொறி எப்போது சொட்டாமல் நின்றது?
விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
குளிர்ந்ததெல்லாம் ஐஸ்.
பின் இடச்சில்லின் உட்பக்கம் மட்டும்
குளிரவில்லை, வழுக்கியது.
இத்தனை நாளும் தண்ணீருக்குள் ஒளிந்து
ஒயில் போயிருக்கிறது.

"ஊத்திப்போட்டு ஓடு, வவுனியாவில பாப்பம்"
என்றார் முதலாளி போனில்.
"எட்டு வருசம் எனக்கு ஒண்டும் நடக்கேல்லை"
என்றார் யூஜினண்ணன்.
அனிஸ்ரன் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் இருப்பது இடப்பக்கம்.
நான் வெட்டித் திருப்பினால்
முதலில் நசிகிற பக்கம்.

அரைப் போத்தல் இருந்தது, ஊற்றினேன்.
மாங்குளம் வரைக்கும்தான் என்று எனக்கே சொல்லி
இரண்டாம் கியரில் எடுத்தேன்,
இரண்டு பக்கச் சிக்னலும் கண் சிமிட்ட.
ஒரு சைக்கிள் எங்களை முந்தியது. விளக்கில்லை.
திரும்பிப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.
சிரிக்கட்டும்.

சந்தியில் கராஜ் பூட்டியிருந்தது.
ஆறரைக்குத் திறக்கும் என்றது பலகை.
முதலாளி மூன்றுதரம் எடுத்தார்.
நாலாம்தரம் எடுக்கவில்லை, அதற்குத்தான் பயந்தேன்.
தொள்ளாயிரம் கிலோவை என் நாட்சம்பளத்தால் பிரித்தேன்.
கணக்கு என் பக்கம் வரவில்லை.
திரும்பப் போட்டேன், வரவில்லை.
நட்டத்துக்குத் துண்டு எழுதலாம்,
கிலோ, விலை, கழிவு, கையெழுத்து.
நடக்காமல் போன ஒன்றுக்கு
எந்தத் துண்டில் எதை எழுதுவது?

விடியப்புறம் தூறியது.
அனிஸ்ரன் எழும்பிப் படங்கை இறுக்கினான்.
றோட்டில் கிடந்த மாடுகள்
ஒவ்வொன்றாய் எழும்பிப் போயின.
நனைந்த தாரில் அவை படுத்த இடங்கள் மட்டும்
காய்ந்து கிடந்தன,
மாட்டளவில் மூன்று, கன்றளவில் ஒன்று.
பார்த்திருக்கவே அதற்குள்ளும் புள்ளிபுள்ளியாய் மழை.

நின்ற லொறிக்குள் ஏறி
பிறேக்கில் காலை வைத்தேன், ஒரு தரம்.
அடிவரை போனது.